வயசு என்ற பதில்

டெல்லி ஜனக்புரியில் ஒரு இரண்டாம் மாடி வீட்டுச் சமையலறையில் பூங்கோதை இடது முழங்கையை மேடையில் ஊன்றிக்கொண்டுதான் தோசை வார்ப்பாள். ஊன்றாவிட்டால் உடம்பு முன்னால் சாயும். ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் அவள் கணவர் ஜோதிலிங்கத்தின் கண்ணில் அது பட்டுவிட்டால் போதும்.

"நிமிந்து நில்லேன்டி. எப்பப் பாரு கூனிக்கிட்டு!"

"முதுகு வலிக்குதுங்க."

"அறுபத்தாறு வயசாச்சு. வலிக்காம என்ன செய்யும்?"

மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தனக்கு ஒரு இருமல் வந்தால் மறுநாள் காலையே டிஸ்பென்சரி வரிசையில் நிற்பார். மனைவியின் முதுகு மட்டும் அவருக்கு நோயாகத் தெரியவில்லை. கெட்டவர் அல்லர். வலிக்கிறது என்றால் தைலம் வாங்கி வந்து நீட்டுவார். அத்தோடு தன் கடமை தீர்ந்தது என்றிருப்பார்.

போன தை மாதம் நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மேடையில், "ஆன்ட்டிஜி, தோடா சீதா!" என்று, கொஞ்சம் நேராக நிற்கச் சொல்லிப் புகைப்படக்காரன் இந்தியில் திரும்பத் திரும்பக் கெஞ்சினான். நிமிர முயன்றதில் பூங்கோதையின் முகம் வேர்த்ததே தவிர, முதுகு இசையவில்லை. யாரோ சிரித்தார்கள். ஜோதிலிங்கம் அவள் கையை விட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார். அதன்பிறகு எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும், "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். கோவிலுக்குக்கூட அதே பதில்தான்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, குளியலறையிலிருந்து தண்ணீர் வாளியைத் தூக்கியவள் "அம்மா!" என்று அலறினாள். ஜோதிலிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, சுவரோரம் சரிந்து மூச்சுவிட முடியாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்து மாடியிலிருந்து இறக்கினார்கள்.

மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டர் அபிராமி, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க ஹைட் கம்மியாயிருச்சா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. மேல் தட்டு டப்பா எதுவும் இப்ப எட்டறதில்ல. ஒவ்வொண்ணா கீழ எறக்கி வெச்சுட்டேன்."

ஜோதிலிங்கம் திடுக்கிட்டார். தினம் அந்தச் சமையலறையில்தானே தண்ணீர் குடிக்கிறார்!

"இந்த எலும்பு இன்னைக்கு உடைஞ்சது, அங்கிள்" என்று டாக்டர் எக்ஸ்ரேயில் தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் பழசு. எலும்பு வீக் ஆகி உள்ளேயே நொறுங்கியிருக்கு. அதுலதான் முதுகு வளைஞ்சிருக்கு."

"உடைஞ்ச எலும்போடயா இவ்வளவு நாள் வேலை செஞ்சே? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேங்க" என்றாள் பூங்கோதை.

ஜோதிலிங்கம் டாக்டர் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் பண்ணி நிமித்திரலாமா டாக்டர்? எவ்வளவு ஆனாலும் சரி" என்றார்.

"முன்னெல்லாம் இந்த வயசுல யாரும் ஆபரேஷனுக்கு வர மாட்டாங்க. இப்ப நிறைய பேர் வர்றாங்க. சிலருக்கு அது தேவையும்தான். ஆனா, லட்சக்கணக்குல செலவு. ஆன்ட்டி எலும்பு இருக்கற நிலைமைல ஸ்க்ரூ பிடிக்கறதே கஷ்டம். முதல்ல எலும்புக்கு ஊசி, முதுகுக்கு பெல்ட், வலி குறைஞ்சதும் எக்ஸர்சைஸ். மறுபடி உடையாம பாத்துக்கலாம். முழுசா நிமிர முடியாது." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "முதல் எலும்பு உடைஞ்சப்பவே வந்திருந்தா, மருந்துலயே இதை நிறுத்தியிருக்கலாம் அங்கிள்."

வீட்டுக்கு வந்ததும் வாளி தூக்கும் வேலை ஜோதிலிங்கத்துடையதாயிற்று. தோசையும் அவரே வார்த்தார், பாதி கருகியது. கருகாத பாதியை அவளுக்கு எடுத்து வைத்தார். "அன்னைக்குக் கல்யாண மேடைல உன் கையை விட்டிருக்கக் கூடாது" என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். பூங்கோதை வெகுநேரம் அழுதாள். மறுவாரம், "கோவிலுக்குப் போவமா?" என்று அவளாகவே கேட்டாள்.

ஐப்பசியில் இருவரும் பூங்காவில் மெல்ல நடந்து வந்தார்கள். அவள் முதுகு வளைந்துதான் இருந்தது. வலி மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. எதிரே பழைய அலுவலக நண்பர் வைத்தி வந்தார்.

"ராஜம் வரலையா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டாள் பூங்கோதை.

"எங்க வர்றா? முதுகு கூனிப் போச்சு. வலி வலிங்கறா. வயசாச்சு இல்லையா!" என்று வைத்தி சிரித்தார்.

ஜோதிலிங்கம் சிரிக்கவில்லை. மனைவியின் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதிலைத்தான்பா நானும் வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தேன். இவ எலும்பு ஒவ்வொண்ணா உடைஞ்சப்பவும் அதையே சொன்னேன். முதுகு வளையறது வயசோட அடையாளம் இல்ல வைத்தி, வைத்தியம் பாக்க வேண்டிய நோய். ஆரம்பத்துலயே பாத்தா மருந்தோட போகும். அலட்சியமா விட்டா எத்தனை லட்சம் குடுத்தாலும் பழைய முதுகு வராது. நாளைக்கே ராஜத்தைக் கூட்டிட்டுப் போ."