மரக்கட்டை வளைவில் பிடித்த மீன்

நவம்பர் மூன்றாம் வாரம், மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, லைல் டெஷ் தன் அண்ணன் ஆரினின் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"படகை எடு. மரக்கட்டை வளைவுக்குப் போகணும்."

ஆரின் கதவைப் பிடித்தபடியே நின்றான். அந்தப் படகு இரண்டு வருடமாகக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

"இந்தக் குளிர்லயா?"

"பெரிய மஸ்கி மீனு இந்தக் குளிர்லதான் வாயத் தொறக்கும். உனக்குத் தெரியாததா?"

"ஆத்தோரமெல்லாம் ஐஸ் கட்டி பிடிச்சிருக்குடா."

"நடுவுல தண்ணி ஓடுதுல்ல. அது போதும்."

லைலுக்கு ஐம்பத்தேழு வயது. அண்ணனைவிட ஆறு வயது இளையவன், ஆனால் பார்த்தால் அவன்தான் மூத்தவன் என்று தோன்றும். இந்த இரண்டு வருடத்தில் அப்படி ஆகிவிட்டான். அவனுடைய ஒரே மகன் டெரெக், இருபத்து மூன்று வயதுப் பையன், அதே வளைவில்தான் போனான். பெரியப்பாவோடு மீன் பிடிக்கப் போயிருந்தான். படகின் மோட்டார் தண்ணீருக்கடியில் கிடந்த மரத்தில் இடித்துப் படகு கவிழ்ந்தது. ஆரின் ஒரு கையால் கரையோரக் கிளையையும் மறு கையால் டெரெக்கின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தான். சிப்பேவா ஆறு பையனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான்கு நாள் கழித்து அணைக்குச் சற்று முன்னால் உடல் கிடைத்தது.

விசாரிக்க வந்த ஷெரிப்பின் ஆட்களிடம் ஆரின் அப்படித்தான் சொன்னான். தேவாலயத்தில் கேட்டவர்களிடமும், லைலிடமும், அவன் மனைவி மார்லீனிடமும் அதையேதான் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. சவ அடக்கத்தன்று மார்லீன் அவனுடைய வலது கையை எடுத்து முத்தமிட்டாள். அந்தக் கையை அன்று இரவு அவன் அடுப்புக் கம்பியில் வைத்துச் சுட்டுக்கொண்டான். தற்செயலாகப் பட்டுவிட்டது என்று மருத்துவரிடம் சொன்னான். அவன் சொன்ன கதையில் ஒரே ஒரு வார்த்தைதான் பொய்.

லைல் வந்து கேட்ட மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகை இறக்கினார்கள். ஆலங்கட்டியாகவும் இல்லாமல் மழையாகவும் இல்லாமல் ஏதோ ஒன்று முகத்தில் குத்திக்கொண்டிருந்தது. வேட்டை மறுநாள்தான் என்றாலும், வேட்டைக்காரன் எவனாவது முந்திக்கொண்டு மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்று இருவரும் ஆரஞ்சுக் கோட்டுப் போட்டிருந்தார்கள். ஆரின் துடுப்புப் பிடித்தான். படகுக்குப் பின்னால் இரண்டு தூண்டில்கள். ஒவ்வொன்றிலும் முழங்கை நீளத்துக்கு ஒரு உயிர் மீன் இரையாக மாட்டியிருந்தது. நீரோட்டத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் படகு நழுவிப் போக வேண்டும். அதற்கு எதிர்த்துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"வயசாயிடுச்சு உனக்கு. தேவாலயத்துக் கிழவி மாவு கிண்டற மாதிரி துடுப்புப் போடற" என்றான் லைல்.

"நீ வந்து போடேன்."

"நான் எதுக்கு? நான் விருந்தாளி."

சிரித்தான். தம்பி சிரித்து இரண்டு வருடம் ஆயிற்று.

வளைவு வந்தது. அந்தக் காலத்தில் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்ட மரங்கள் வந்து சிக்கிக்கொள்ளும் இடம் அது. இன்னும் அடியில் கிடக்கின்றன. தண்ணீர் அங்கே கருப்பாக, அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்த இடம்?"

ஆரின் மோவாயால் காட்டினான். லைல் குல்லாவைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, இங்கயே சுத்து" என்றான்.

மூன்று மணி நேரம் சுற்றினார்கள். தூண்டில் கம்பியின் வளையங்களில் பனி உறைந்துகொண்டே இருந்தது. கம்பியைத் தண்ணீரில் முக்கி முக்கிக் கரைத்தார்கள். காபி தீர்ந்தது. ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. போய்விடலாம் என்று சொல்ல ஆரின் வாயெடுத்தபோது லைலின் தூண்டில் சக்கரம் கிறீச்சென்று கத்தியது.

"விடு, விடு, மீனு இரையத் திருப்பி வாய்க்குள்ள வாங்கட்டும்" என்றான் ஆரின்.

"எனக்குத் தெரியும்டா!"

லைல் ஐந்து வரை எண்ணிப் பொறுத்து, எழுந்து நின்று ஒரே இழுப்பாக இழுத்தான். கம்பி வளைந்து படகின் விளிம்பைத் தொட்டது. மீன் மேலே வரவில்லை. அடியிலேயே, ஒரு கட்டை நகர்வதுபோல், மரங்களைப் பார்த்துப் போனது. ஆரின் நடு ஆற்றுக்குத் துடுப்புப் போட்டான். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. லைல் கெட்ட வார்த்தையும் ஜெபமுமாகக் கலந்து பேசிக்கொண்டிருந்தான். ஒருமுறை அது படகருகே வந்து தலையை உதறியது. அந்தத் தலை ஒரு கன்றுக்குட்டியின் தலை அளவு இருந்தது. ஆரின் வலையை நீட்டினான். இரண்டாவது தடவை உள்ளே விழுந்தது.

"ஐம்பத்தோரு அங்குலம்!" அளவுகோலைப் பிடித்துக்கொண்டு லைல் கத்தினான். "ஆரின், ஐம்பத்தொண்ணு! சினை வயிறு பாரு!"

இடுக்கியால் முள்ளைக் கழற்றினார்கள். கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ஆற்றில் யாரும் அப்படிச் செய்வதில்லை. லைல் கையுறையைக் கழற்றிவிட்டு, படகின் பக்கவாட்டில் குனிந்து, அதன் வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் நிமிர்த்தி வைத்தான். களைத்துப்போன மீன் மூச்சு வாங்கித் தெளியும்வரை அப்படிப் பிடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அவன் கை முதலில் சிவந்து பிறகு வெளுத்தது. பிறகு மீன் அங்கே இல்லை.

"போயிட்டா" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான், முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. உறைந்த கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான்.

"எப்பப் போனான்னே தெரியல, ஆரின். பிடிச்சிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன். கை செத்துப்போச்சு." அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். "உனக்கும் அன்னிக்கு இப்படித்தான இருந்திருக்கும்? ரெண்டு வருஷமா இதக் கேக்கணும்னு நெனச்சிட்டிருக்கேன். நீ பிடிச்சிட்டுத்தான் இருந்திருப்ப. அவன் போனது உன் கைக்கே தெரிஞ்சிருக்காது. இல்ல?"

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி அந்தச் சொல்லுக்காகத்தான் வந்திருந்தான். அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆரின் இரண்டு வருடமாகச் சுமந்ததை இனி ஒரு அடிகூடச் சுமக்க முடியாத இடத்துக்கு வந்திருந்தான்.

"இல்ல" என்றான்.

"என்ன இல்ல?"

"கை மரத்துப் போகல. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கிளை முறியப் பாத்துது. அவன் பூட்சுக்குள்ள தண்ணி ஏறி ஒரே கனம். என் மேல ஏறப் பாத்தான், என் தல உள்ள போயிடுச்சு." ஆரின் துடுப்புகளை விட்டுவிட்டுத் தன் வலது கையை விரித்துக் காட்டினான். "நான் விட்டேன், லைல். தண்ணி பிடுங்கல. நானாத்தான் விரலத் தொறந்தேன்."

படகு தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அவன் உன்னப் பாத்துட்டிருந்தானா?"

"ஆமா."

"ஏதாவது சொன்னானா?"

"பெரியப்பான்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லைல் உறைந்த கையைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கையுறையை மாட்டினான். பிறகு, பக்கத்து வீட்டுக்காரனிடம் வானிலை பற்றிப் பேசுவதுபோல் சொன்னான். "உன்ன அடிக்கணும் போல இருக்கு. எந்திரிச்சா படகு கவுந்துடும்."

"கவுந்தா கவுறட்டும்."

"உனக்கு அது சுலபம்" என்றான் லைல். "கரைக்குப் போ."

இறங்குதுறை அங்கிருந்து இரண்டு மைல். ஒரே படகில், முழங்காலும் முழங்காலும் இடிக்க, இருவரும் அந்த இரண்டு மைலைக் கடந்தார்கள். படகை வண்டியில் ஏற்ற ஒரு ஆளால் முடியாது. அதனால் அதையும் சேர்ந்தே செய்தார்கள். ஆரின் முன்பக்கம், லைல் பின்பக்கம். தூக்கும்போது லைல் வழக்கப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும் செய்தான்.

வண்டிக் கதவைத் திறந்தபோது ஆரின் சொன்னான்: "மார்லீன்கிட்ட நானே வந்து..."

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன்." முதல்முறையாக லைலின் குரல் உடைந்தது. "அவ ஒன்னே ஒன்ன வச்சிட்டுத்தான் உயிரோட இருக்கா. கடைசி வரைக்கும் யாரோ அவனப் பிடிச்சிட்டு இருந்தாங்கன்னு. அதையும் எடுத்துடாத. வியாழக்கிழமை விருந்துக்கு வா. வரலன்னா ஏன்னு கேப்பா."

வியாழக்கிழமை, நன்றி நாள் பண்டிகையன்று, ஆரின் போனான். மார்லீன் வாசலிலேயே கட்டிக்கொண்டாள். வான்கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"ஆத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து உன் தம்பி வாயே தொறக்கல" என்றாள். "மீன் எவ்வளவு பெருசுன்னாவது நீ சொல்லு."

"ஐம்பத்தோரு அங்குலம்" என்றான் ஆரின்.

"நெஜமாவா, லைல்?"

"ஆமா" என்றான் லைல், தட்டைப் பார்த்தபடி. "இவன்தான் வலை போட்டான்."

குழம்புக் கிண்ணத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினான். ஆரின் ஊற்றிக்கொண்டான். அவனால் விழுங்க முடிந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கிளம்பியபோது லைல் வண்டிவரை கூட வந்தான். மார்லீன் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். இருவரும் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

"கிறிஸ்துமஸுக்கும் வரணும்" என்றான் லைல். "ஈஸ்டருக்கும். எப்பவும் வர மாதிரி."

"எத்தன வருஷம் லைல்?"

"அவ இருக்கற வரைக்கும்."

மார்லீனுக்கு ஐம்பத்தாறு வயது. அவள் குடும்பத்தில் எல்லோரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள்.