முழுசாச் சொல்லுங்க, டீச்சர்

பதநீருக்கு இங்கிலீஷில் 'ஸ்வீட் டாடி' என்று வேல்விழி சொன்னதும், அய்யாதுரை பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"டாடின்னா கள்ளுல்ல?"

"கள்ளுதான் சார். முன்னால ஸ்வீட்னு சேத்தா பதநீர்."

"கள்ளுக்கு முன்னால சீனியப் போட்டா பதநீராயிருமா? என்ன டீச்சர் பேசுறீக? எங்க குடும்பத்துல ஒருத்தனும் அதைத் தொட்டதில்ல. நான் போய் என் சம்பந்திகிட்ட, இந்தாங்க, இனிப்புக் கள்ளு குடிங்கன்னு சொல்லவா?"

"அகராதியில அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"அப்ப அகராதியை மாத்தச் சொல்லுங்க."

வேல்விழி கண்ணை இறுக மூடித் திறந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய அச்சு இயந்திரம் பட்டாசுப் பெட்டி லேபிள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லேபிளிலும் ஒரே மயில், ஒரே மாதிரி அவளை முறைத்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த தொண்டை. இதை முடித்துவிட்டு எம். புதுப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனி வேனில் வீடு திரும்பியிருப்பார்கள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். அப்பா இந்த மாதிரி ஆட்களை 'மொதலாளி' என்பார். அவள் முதல் நாளே 'சார்' என்று முடிவுசெய்துகொண்டாள். அதில் ஒன்றும் தகராறு வரவில்லை. தகராறெல்லாம் மற்ற வார்த்தைகளில்தான்.

அய்யாதுரையின் மகன் மணிகண்டராஜ் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அங்கேயே கிளேர் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பெண்ணின் அப்பா கிரகாம், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். அம்மா ஹெலன், நர்சரி வைத்துச் செடி விற்கிறவர். இரண்டு பேரும் சித்திரையில் சிவகாசிக்கு வருகிறார்கள். "அவருக்குப் பழங்காலத்துச் சங்கதி, சாமி கதை இதெல்லாம் உசிருப்பா. அவங்களுக்குச் செடி கொடி. போற ஊர்ல என்ன குடிக்காங்களோ அதை வாங்கிக் குடிச்சுப் பாக்கணும் ரெண்டு பேருக்கும்" என்று மகன் போனில் சொன்னதை அப்படியே பாடத்திட்டமாக்கி, வேல்விழியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார் அய்யாதுரை. சரித்திரம், கதை, செடி, பானம். வேறு ஒன்றும் வேண்டாம்.

முதல் நாள் அவள், "ஹவ் வாஸ் யுவர் ஜர்னி? டிட் யூ ஸ்லீப் வெல்?" என்று ஆரம்பித்தாள்.

"அது எதுக்கு? தூங்குனாரா இல்லையான்னு முகத்தைப் பாத்தாத் தெரியாதா? நீங்க வார்த்தையை மட்டும் சொல்லுங்க. நான் கோத்துக்கிடுறேன்."

கோத்துக்கொண்டார். 'ஏன்சியன்ட்' என்ற வார்த்தை கிடைத்ததும் மனிதர் விடவே இல்லை. பழைய கட்டிங் மெஷின் ஏன்சியன்ட். கடைத்தெருவில் இருக்கும் அண்ணன் ஏன்சியன்ட். வேல்விழியின் செல்போன்கூட ஏன்சியன்ட். வெம்பக்கோட்டையில் தோண்டியெடுத்த சங்கு வளையலையும் மணிகளையும் பற்றிச் சொல்ல 'எக்ஸ்கவேஷன்' வேண்டியிருந்தது. அது அவர் வாயில் நுழைவதற்குள் நடுவில் நாலு போன் வந்தது. ஒவ்வொரு போனுக்கும் "எடுத்துக்கிடுதேன் டீச்சர், ஆர்டரு" என்பார். பேசி முடித்ததும் எக்ஸ்கவேஷன் மறுபடி மண்ணுக்குள் போயிருக்கும். நன்னாரிக்கு 'சர்சபரில்லா' என்றதும், "இது செடியா, இல்ல யாரும் வெள்ளைக்காரன் பேரா?" என்றார். ஆவாரம்பூவுக்கான இங்கிலீஷ் பேரில் தோல் பதனிடுகிறவர் வருகிறார் என்று சொன்னதும், பூவையே வேண்டாம் என்று அடித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்கு, 'லெஜண்ட்' வந்த அன்றுதான் மனம் விட்டுப்போனது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பனங்காட்டில் இருக்கிற குலசாமி வடிவாத்தாளைப் பற்றிச் சம்பந்தியிடம் சொல்லவேண்டும் என்றார் அய்யாதுரை. "ஆத்தா கதையை ஹிஸ்டரியில எழுதிக்கிடவா?"

"அது லெஜண்ட் சார்."

"அப்படின்னா?"

"வழிவழியாச் சொல்லிட்டு வர்ற கதை. நடந்திருக்கலாம், நடக்காமயும் இருந்திருக்கலாம்."

அவர் முகம் சிவந்தது. "நடக்காமலா? சங்கு வளையலைத் தோண்டி எடுத்தா அது நடந்தது, எங்க ஆத்தா மட்டும் கட்டுக்கதையா?"

"நான் கட்டுக்கதைன்னு சொல்லல சார்."

"சொன்னீகளே! இப்பத்தானே சொன்னீக!"

மறுநாளிலிருந்து வரமுடியாது என்று சொல்லிவிடத்தான் அன்று வேல்விழி அச்சகத்தை ஒட்டியிருந்த அய்யாதுரையின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பாலம்மாளிடம் சொல்லிவிட்டால் போதும், அவரிடம் சொல்லி இன்னொரு சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். பாலம்மாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"விட்டுட்டுப் போயிராதீக தாயி. அவுக எதுக்கு இந்தப் பாடு படுறாகன்னு உங்களுக்குத் தெரியாது. தை மாசம் சம்பந்திகிட்ட வீடியோவில பேசுனாக. அவுக ரொம்ப நேரம், எங்க மாமனார் தலைச்சுமையா ஊரூராப் போயி சாமான் வித்ததுல இருந்து, இந்த பிரஸ் வந்தது, ஆத்தா கோயிலு, அம்புட்டையும் சொன்னாக. கண்ணுல தண்ணி நிக்கி. எம்பிள்ளை திரும்பி அந்த வெள்ளைக்காரருகிட்ட ரெண்டே வார்த்தைதான் சொன்னான். அவரும் சிரிச்சுக்கிட்டு தலையாட்டுனாரு. 'நான் அம்புட்டுச் சொன்னேன், நீ என்னலே சொன்ன?'ன்னு இவுக கேக்காக. 'வாங்கன்னு சொல்றீங்கன்னு சொன்னேன்பா'ங்கான். அன்னைக்கு ராத்திரி அவுக சாப்பிடல."

வேல்விழி சுளகை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். எரிச்சல் குறைந்துவிடவில்லை. ஆனால் எரிச்சலோடு எழுந்து போகவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்திரையில் மணிகண்டராஜும் கிளேரும் அவள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த மறுநாளே வடிவாத்தாள் கோயிலுக்கு வேன் ஏற்பாடாயிற்று; பாலம்மாளும் வேல்விழியும் கூடக் கிளம்பினார்கள். காலையிலேயே வந்துவிடுவோம், பதநீர் இறக்கி வை என்று பனையேறும் சீனிச்சாமிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. ஆனால் கிரகாம் வெம்பக்கோட்டையில் இறங்கினவர் கிளம்ப மனமில்லாமல் தோண்டிய குழியையே சுற்றிச் சுற்றி வந்தார். அங்கே அய்யாதுரை "எக்ஸ்கவேஷன்!" என்றார், தெளிவாக. கிரகாம் "யெஸ், எக்ஸ்கவேஷன்!" என்றார். அய்யாதுரை வேல்விழியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பத்து வயது குறைந்திருந்தது. வழியில் ஹெலன் ஒவ்வொரு புதருக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னார். கோயிலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

சீனிச்சாமி பனையடி நிழலில் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓலையை மடக்கிப் பட்டை செய்து, பதநீரை ஊற்றிக் கிரகாமின் இரண்டு கைகளிலும் கொடுத்தார்.

"சார். திஸ்... நோ டாடி. ஸ்வீட். மை காட், மை ட்ரீ" என்றார் அய்யாதுரை.

கிரகாம் ஒரு வாய் குடித்தார். புருவத்தைத் தூக்கினார். இன்னொரு வாய் குடித்தார். "அற்புதம்! பியர் மாதிரியே இருக்கிறதே!" என்று இங்கிலீஷில் சொன்னார். பியர் என்ற வார்த்தைக்கு யாரும் மொழிபெயர்ப்புத் தர வேண்டியிருக்கவில்லை.

அய்யாதுரை குடத்துக்குள் குனிந்து பார்த்தார். நுரை. விரலை விட்டு நக்கினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏலே சீனி, இது புளிச்சுப்போச்சுலே!"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? வெளிநாட்டுக்காரகளுக்குச் சுண்ணாம்பு நெடி ஆகாது, கலயத்துல கம்மியாத் தடவுன்னு நீங்கதான சொல்லிவிட்டீக. சுண்ணாம்பு கொறஞ்சா புளிக்காம என்ன செய்யும்? விடியுமுன்ன எறக்குனது, இந்த வெயில்ல எம்புட்டு நேரந்தான் இனிக்கும்? கள்ளு கிள்ளுன்னு சத்தம் போடாதீக, எவனாவது கேட்டா என்னையத்தான் பிடிச்சுட்டுப் போவான்."

அதற்குள் கிரகாம் பாதி குடித்திருந்த பட்டையை மறுபடி நீட்டினார், இன்னும் கொஞ்சம் என்று. அய்யாதுரை என்ன நினைத்தாரோ, விருந்தாளியின் கையிலிருந்த பட்டையை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

கிளேரும் ஹெலனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா!" என்றான் மணிகண்டராஜ். "என்னப்பா பண்றீங்க? மானம் போகுது."

அய்யாதுரை பேச ஆரம்பித்தார். "சார். ஏன்சியன்ட். கேர்ள். வெரி ஏன்சியன்ட் கேர்ள். கிங்... பால்மைரா..." வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து தனித்தனியாக நின்றன. ஒன்று இன்னொன்றின் கையைப் பிடிக்கவில்லை. கிரகாம் குனிந்து கவனமாகக் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. அய்யாதுரையின் நெற்றியில் வியர்வை ஓடியது. கடைசியில் கையை உதறிவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

மணிகண்டராஜ் உடனே மாமனாரிடம் திரும்பி, "இது ஒரு பழைய கதை, அப்பா என்ன சொல்றார்னா..." என்று இங்கிலீஷில் தொடங்கினான்.

"நீ சும்மாருலே!" அந்தச் சத்தத்தில் பனையிலிருந்து ஒரு காகம் பறந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது. முழுசாச் சொல்லுங்க."

வேல்விழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

அவர் சொன்னார், அவள் சொன்னாள். ஒரு பாளையக்காரனின் ஆள் வடிவு என்ற பெண்ணைக் கேட்டு வந்ததை. தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாக இந்தப் பனங்காட்டுக்குள் ஓடிவந்ததை. குதிரைச் சத்தம் நெருங்கியபோது அவள் ஒரு பனையில் கைவைத்து, 'என்னை உள்ளே எடுத்துக்கொள்' என்றதை. மரம் பிளந்து மூடிக்கொண்டதை. விடிந்ததும் தகப்பன் மரம் மரமாகத் தட்டி மகளைக் கூப்பிட்டதை. ஒரு மரம் மட்டும் பாளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டதை. அவன் அதை வாயில் ஏந்தினான். இனித்தது.

நடுநடுவே அய்யாதுரை, கோயில் மதிலுக்குச் செங்கல் கொடுத்தவன் ஏமாற்றியதையும், ரோடு போடச் சொல்லி மனு எழுதியதையும் சொன்னார். வேல்விழி அவரை முறைத்தாள். "அதையும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் செங்கலையும் சொன்னாள். பள்ளமான ரோட்டையும் சொன்னாள்.

"அது அவ கண்ணீரு. அதைப் புளிக்கவிட்டுக் குடிக்கிறது எங்களுக்கு ஆகாது. அதான் நாங்க கள்ளைத் தொடுறதில்ல. ஆத்தா வாசல்லயே வச்சு, என் சம்பந்தி கையில, என் வாயாலயே இனிப்புன்னு சொல்லி, புளிச்சதைக் குடுத்துட்டேன்." அய்யாதுரை பனையைப் பார்த்துக் கும்பிட்டார். "கோவத்துல புடுங்கலன்னு சொல்லுங்க டீச்சர். பதறிப்போயிட்டேன்."

'பதறிப்போயிட்டேன்' என்பதற்கு அவளிடம் சட்டென்று வார்த்தை இல்லை. அவளும் கொஞ்சம் திணறினாள். பிறகு, தன் குழந்தை கிணற்றோரம் ஓடுவதைப் பார்த்தவர்போல ஆகிவிட்டார் என்று சொன்னாள்.

கிரகாம் தொப்பியைக் கழற்றினார். அய்யாதுரை குடத்தருகே வைத்துவிட்ட பட்டையை எடுத்து, அதில் மிச்சமிருந்ததைப் பயபக்தியோடு பனையின் அடியில் ஊற்றப் போனார்.

"ஐயையோ, அங்கன ஊத்தாதீக!" என்று அய்யாதுரையும் சீனிச்சாமியும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"நாட் தேர்!" என்று வேல்விழியும் கத்தினாள்.

பாவம், மனிதர் பட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். வேல்விழி வேலிக்கருவேலப் புதரைக் காட்டினாள். அங்கே போய், ஷூ நனையக் கொட்டிவிட்டு வந்தார். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பாலம்மாள் ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் கூட்டிப் போனாள்.

திரும்பும்போது வேனில் பேச்சே வேறு. மணிகண்டராஜ் முன்சீட்டிலிருந்து, "எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல இந்தக் கதையை? நீங்க எப்பப்பா இதை எங்கிட்டச் சொன்னீங்க?" என்றான்.

"வருசா வருசம் பொங்க வைக்கையில சொன்னேன்லே. நீ செல்லைப் பாத்துட்டு இருந்த."

"நான் சின்னப் பிள்ளையில ஹாஸ்டல்லதான இருந்தேன். பொங்கலுக்கு எப்ப என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? சீசன், லோடு, ஆர்டர்னு நீங்களே வரலையே."

"யாருக்காகலே ஆர்டரு?"

"டீச்சர், நீங்களே சொல்லுங்க."

"ஆமா, டீச்சர்கிட்டயே கேளு. டீச்சர், இவன் சொல்றது ஞாயமா?"

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெம்பக்கோட்டையிலிருந்து பேசிப்பேசி வேல்விழிக்குத் தொண்டையில் எச்சில்கூட இல்லை. யாரும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது.

"அப்பனும் மகனும் பேசிக்கிறதுக்கும் நான்தான் நடுவுல நிக்கணுமா? அதுவும் தமிழ்ல? ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வாங்க!"

டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டான். ஹெலன் மெதுவாக, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். வேல்விழி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஹெலன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினார்.

கிரகாம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். சிவகாசி எல்லை வரும்போது மணிகண்டராஜ் பின்னால் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததை வேல்விழி பார்த்தாள். "அந்தப் பாளையக்காரன் பேரு என்னப்பா?" என்று அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். அய்யாதுரை சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.