குருவி பாடிய இடம்

நாணலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்னக் குருவி தண்ணீருக்கு மேல்தான் கூடு கட்டும். அது பாடும் பக்கம் தண்ணீர் இருக்கும் என்று அங்கே எருமையை ஓட்டுவது எங்கள் சதுப்பில் வழக்கம்.

"குருவி பாடுது, காதுல விழலையா? ஓட்டுடி!" என்றார் என் கணவர் சாசிப்.

"மேல அணை கட்டி ஆத்தை அடைச்சவன் குருவிகிட்ட சொல்லிட்டா அடைச்சான்? சதுப்பே வத்திக்கிட்டு வருது."

அவர் கேட்கவில்லை. எங்கள் சினை எருமை வயிறுவரை சேற்றில் புதைந்தது. பொழுது சாயும்வரை இழுத்தோம். அங்கேயே உயிரை விட்டது.

நாணலை விலக்கினேன். வெறும் சேற்றுக்கு மேலே கூடு. உள்ளே வாய் பிளந்த குஞ்சுகள்.

"பொய் சொல்லிடுச்சே பாவி!" என்று சாசிப் அழுதார்.

"குஞ்சை விட்டுட்டு அது எங்க போகும்? ஊரே காலி பண்ணிப் போனப்ப, இவ ஈனட்டும்னுதானே நாமளும் கிடந்தோம்?"