பட்டினிக் குடுவைகளுக்கு ஒரு ஸ்டாண்ட்பை

செந்தாமரை பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருடமாக ஈஸ்ட்டோடு மாரடித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாடு கிடைக்காத செல் சும்மா கிடந்து சாகாது. தனக்குள்ளே கிடக்கும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களைப் பொட்டலம் கட்டிக் கரைத்து, அதிலிருந்தே புதுச் சாமான் செய்து பிழைத்துக்கொள்ளும். அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் படிப்பு, பிழைப்பு, தலைவலி எல்லாம். அவள் பிறந்து வளர்ந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் குவார்ட்டர்ஸ் பிளாக்கே கேட்பது ஒரே கேள்விதான்.

"பர்மனென்ட் ஆயிடுச்சா?"

ஆகவில்லை. வருஷா வருஷம் கான்ட்ராக்ட்தான். இந்த ஊரில் கான்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நிலாவுக்கே ராக்கெட் விட்டிருந்தாலும் 'த்சொ' கொட்டிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவைதான் நிஜமாகவே ஓர் இடம் காலியாகியிருந்தது. திங்கட்கிழமை தேர்வுக்குழு. ஏழு நாள் பட்டினி கிடந்த செல்களை ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து, மறுநாள் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

சனிக்கிழமை பார்த்து அப்பா பழனிவேலுக்கு ரிட்டயர்மென்ட். லேபில் அந்தச் செல்கள் இருக்கும் குடுவைகளை ஆட்டும் மெஷினும் அந்த வாரம் பார்த்தா படுத்துக்கொள்ள வேண்டும்? காலையும் மாலையும் கையால்தான் ஆட்டிவிட வேண்டும். அதற்கு இன்னொருவரை நம்பவும் மனசில்லை. மூன்று குடுவைகளையும் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினாள்.

பழனிவேல் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். அடியில் ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கமே ஏரியாகிவிடும். முப்பத்துநாலு வருஷமாக அதுதான் அவர் வேலை. குடுவைகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"ஸ்டாண்ட்பை எங்கம்மா?"

"இதுக்கெல்லாம் ஸ்டாண்ட்பை கெடையாதுப்பா."

"ஒண்ணு ஓடிகினு இருந்தா பக்கத்துல ஒண்ணு ரெடியா நிக்கணும். அப்பதான் ராத்திரி தூக்கம் வரும்."

"நான் பாத்துக்கிறேன்பா."

"சரி, இந்த மாதிரி பாட்டிலை எப்டி சுத்தம் பண்ணுவீங்க? குக்கர்ல வேக வெச்சா போதுமா?"

"எங்க லேப்லயும் பெரிய குக்கர்தான். தெறக்குறப்ப பக்கத்துல நெருப்பு எரியணும், கிருமி விழாது," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அம்மா சுப்புலட்சுமி கேட்டது வேறு.

"இதுல இன்னாடி இருக்குது?"

"உயிரும்மா. பட்டினி போட்டிருக்கேன்."

"எத்தினி நாளா?"

"அஞ்சு நாளா."

"அடிப்பாவி!" சுப்புலட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள். அம்மா பேச்சை விட்டால் உஷாராகியிருக்க வேண்டும். இத்தனை படித்தவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்டு ஆட்கள் பழனிவேலுக்கு ஆளுயர மாலை போட்டு, வெடி வெடித்துக் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். ஷாமியானாவில் நூறு பேர் சாப்பிட்டார்கள். வெடி போட்ட பையன்கள், தண்ணீர் லாரிக்காரர், தெருநாய் என்று ஒருவரையும் சுப்புலட்சுமி விடவில்லை.

சாயந்தரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செந்தாமரை குடுவைகளை ஆட்டப் போனாள். மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன. மூன்றிலும் ஆளுக்கொரு பண்ருட்டி முந்திரி மிதந்தது.

"அம்மா!"

"ஒரே ஒரு கரண்டி பாயசம்தாண்டி ஊத்தினேன். மூணுக்கும் சமமாத்தான் ஊத்தினேன், ஓரவஞ்சனை பண்ணல. ஊரே துன்னுட்டுப் போவுது, நம்ம வூட்லயே மூணு பட்டினியா கெடந்தா வெளங்குமா?"

செந்தாமரை தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பதினோரு வருஷம் ஒரு கரண்டி பாயசத்தில் போய்விட்டது. சுப்புலட்சுமிக்கும் அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பழனிவேல் கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய், தன்னுடைய சுரங்கத்து ஷூக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றிலிருந்து இரண்டு, இன்னொன்றிலிருந்து ஒன்று என்று சின்னக் கண்ணாடி பாட்டில்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் கலங்கல் தண்ணீர். '1 ஸ்டாண்ட்பை', '2 ஸ்டாண்ட்பை', '3 ஸ்டாண்ட்பை' என்று கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"நேத்து நீ குளிக்கப் போனப்ப ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் பிரிச்சி வெச்சிட்டேன். நாலு விசில் வுட்டுத்தான் பாட்டிலை எடுத்தேன். அடுப்பை எரிய வுட்டு அது பக்கத்துலதான் ஊத்தினேன். வேளாவேளைக்கு ஆட்டியும் வுட்டேன்."

"ஷூவுக்குள்ளயாப்பா?"

"உங்கம்மா கிட்ட வராத எடம் இந்த வூட்ல அது ஒண்ணுதான்."

செந்தாமரைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அப்பாவை மாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "உனக்கு வேலை முடிஞ்சிபோச்சுன்னு இன்னிக்குத்தானேப்பா மாலை போட்டாங்க?"

"இது ஓவர்டைமு," என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பர்மனென்ட் ஆயிடுச்சு!"

"அது இருக்கட்டும். அந்த மூணுக்கும் அப்புறமாச்சும் சாப்பாடு போட்டியா?"

"படம் எடுத்த கையோட போட்டேம்மா."

"அப்பாடா," என்றாள் சுப்புலட்சுமி. அதற்குப் பிறகுதான் போனைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, பிளாக்குக்கே கேட்கும்படி விஷயத்தைச் சொல்ல வாசலுக்கு ஓடினாள்.

பழனிவேல் போனைக் காதில் வைத்தார். ரிட்டயரான நாளிலிருந்தே அவர் பேச்சு குறைந்துவிட்டது என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அந்த ஆட்டுற மெஷினு ரிப்பேர் பண்ணியாச்சா?"

"ஓடுதுப்பா."

"அதுக்கு ஸ்டாண்ட்பை?"

செந்தாமரை மேஜையில் குலுங்கிக்கொண்டிருந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள். "நீ கெளம்பி வா."