தெருமுனையில் நின்ற வெளிச்சம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறொரு கதையைப் பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது பாதியில் இணையம் நின்றது. நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஃபைபர் எப்போதுதான் வரும் என்று கத்தினேன். "விரைவில் வரும் சார்" என்றது ஒரு குரல். "எந்த விரைவில்?" என்றேன். அந்தக் குரல் அலுத்துப்போய், தெருத் தெருவாகக் குழாய்களைச் சோதிக்கும் அளவைப் பிரிவுக்கு இணைப்பை மாற்றிவிட்டது. அங்கே எடுத்த பெண் நான் கத்தி ஓயும் வரை காத்திருந்துவிட்டு, "நேர்ல வாங்க, சொல்றேன்" என்றார்.

போனேன். சொன்னார். எரிச்சலை அங்கேயே விட்டுவிட்டு இந்தக் கதையோடு திரும்பினேன்.

2

தொடக்கம் வாய்க்கவில்லை. அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

நிறுவனங்கள் ஃபைபர் தரத் தாமதிப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது,

(இது கட்டுரை. நீங்கள் இரண்டாவது காரணத்தில் தூங்கிவிடுவீர்கள்.)

பூமிக்கடியில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது, யாருடைய கனவிலோ

(அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

தூறல் விட்ட ஒரு பிற்பகலில், அளவைக்காரி தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழிமூடியைத் திறந்தாள்.

இதையே வைத்துக்கொள்வோம். (நேரில் 'அவர்' என்றுதான் பேசினேன். 'அவள்' என்றால்தான் கொஞ்சம் பக்கத்தில் நிற்க முடிகிறது.)

3

நீளமான கம்பியின் நுனியில் ஒரு சின்னக் கேமரா. அதை மண்ணுக்கடியில் போகும் குழாய்க்குள் மெல்லத் தள்ளிக்கொண்டே போவதுதான் அவள் வேலை. கையிலிருந்த திரையில் குழாயின் உட்புறம் தெரியும். ஈரம் மினுங்கும், ஆளில்லாத, முடிவில்லாத நடைபாதை. பதினேழு வருடமாகப் பார்த்தும் அவளுக்கு அது சலிக்கவில்லை. சில நாள் தானே சுருங்கி அதற்குள் நடப்பதுபோல இருக்கும்.

நாற்பத்தோராவது மீட்டரில் நடை நின்றது. மரத்தின் வேர் குழாயை உடைத்து உள்ளே வந்து, அவிழ்த்துவிட்ட கூந்தல்போல் பரவியிருந்தது.

"இப்பவாவது வருதா மேடம்?"

தலைக்கு மேல் குரல். மூன்றாம் வீட்டுச் சாவிக்காரர். முன்னறையில் இயந்திரம் வைத்துச் சாவி வெட்டுகிறவர். சட்டையெல்லாம் பித்தளைத் தூள்.

"குழாய் அடைச்சிருக்குண்ணா."

"தோண்டி எடுக்க வேண்டியதுதானே?"

"குழாய் எங்களுது இல்ல. பழைய டெலிபோன் கம்பெனியோடது. வாடகைக்குக் கம்பி விடறவங்கதான் நாங்க. அவங்க சரின்னு சொல்லணும். ரோட்டை வெட்ட நகராட்சி சரின்னு சொல்லணும்."

"அப்ப நான் யாரைப் பிடிக்கணும்?"

அவள் கம்பியைச் சுருட்டினாள். வெளிச்சத்தில் செய்தி கடத்தும் ஃபைபர் தெருமுனைப் பெட்டிவரை வந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கிருந்து வீடுகளுக்குப் போவது இன்னும் பழைய செம்புக் கம்பிதான்.

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்."

உள்ளே அவர் மனைவி சட்டைகளுக்குக் காஜா எடுத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எழுதப் படிக்கவும் தெரியாது. எதிரே கம்ப்யூட்டரில், வீடியோ அழைப்பில், கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போன ஒரே மகள், மார்பில் கை வைத்தபடி உறைந்திருந்தாள்.

"எங்க வீட்டு சைகைல, நெஞ்சுல கை வெச்சு விரிச்சா 'நல்லாயிருக்கேன்'. நெஞ்சுல கை வெச்சு மூடினா 'வலிக்குது'. பத்து நாளா இதுலயே வந்து நிக்குது மேடம். விரிக்கறாளா, மூடறாளா, தெரியல."

"போன்ல நீங்க கேக்கலாமேண்ணா?"

"கேட்டேனே. நல்லாயிருக்கேன்ப்பான்னுதான் சொல்றா. எங்கிட்ட எப்பவும் அதேதான் சொல்லுவா. அவ உள்ளதைச் சொல்றது அம்மாகிட்ட மட்டும்."

அந்த அம்மாள் அளவைக்காரியை நிமிர்ந்து பார்த்தார். ஊசி கையிலேயே இருந்தது.

4

(நீங்கள் குறுக்கிடுவீர்கள் என்று தெரியும். மொபைலில் பார்க்கக்கூடாதா? அந்த வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. சிக்னல் ஜன்னல்வரை வந்து எட்டிப்பார்க்கும். பேச்சுக்குப் போதும், படத்துக்குப் போதாது.)

5

மேலாளர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"எத்தனை வீடு?"

"இருபத்திரண்டு சார்."

"ஊருக்கு வெளியே புது அடுக்குமாடி வந்திருக்கு. ஒரே குழி, முந்நூறு வீடு. எங்கிட்ட இருக்கறது நாலு டீம். நீங்களே சொல்லுங்க, எங்க அனுப்பட்டும்?"

அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"செம்புக் கம்பி அங்க ஓடிட்டுதானே இருக்கு?"

"நின்னு நின்னு ஓடுது சார்."

"ஓடுதுல்ல? அப்ப 'பிறகு'ன்னு போடுங்க."

(இவரைக் கெட்டவராக்க மூன்று முறை முயன்றேன். தொப்பை வைத்துப் பார்த்தேன், சிடுமூஞ்சி ஆக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.)

ஒரு பிரதியில் அளவைக்காரி படிவத்தில் 'குழாய் சரியாக உள்ளது' என்று பொய் எழுதினாள். ஆட்கள் வந்தார்கள், ஏமாந்தார்கள், வந்ததற்குத் தோண்டிவிட்டே போனார்கள், தெருவே கைதட்

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவள் பொய் எழுதவில்லை. 'பிறகு' என்றுதான் எழுதினாள். டெலிபோன் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பினாள். அது அங்கே யாருடைய மேசையிலோ இன்னும் படுத்திருக்கிறது. எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து, சாவிக்காரருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கு மத்தியானம் அக்காவைக் கூட்டிட்டு எங்க ஆபீசுக்கு வாங்க."

6

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மாதிரி அறை உண்டு. ஃபைபர் எவ்வளவு வேகம் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, சுவர் அளவுத் திரையில் நாள் முழுக்க மீன்கள் நீந்தும். சொந்த உபயோகத்துக்குத் தொடக்கூடாது என்பது விதி. அளவைக்காரி மீன்களை நிறுத்தினாள்.

நீல வெளிச்சம் வடிந்த இடத்தில் மகள் வந்தாள். ஆளுயரத்துக்கு. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

அம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். இருவர் கைகளும் புறப்பட்டன. எங்கும் நிற்கவில்லை. விரல்கள் ஒன்றையொன்று துரத்தின, மடங்கின, காற்றில் எதையோ வைத்தன, திரும்ப எடுத்தன. அந்த அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அப்படியொரு நிசப்தம். சாப்பாட்டு டப்பாவோடு போனவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். மேலாளரும் வந்தார். மீன்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"என்னண்ணா சொல்றாங்க?" அவள் கிசுகிசுத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் வேகமாப் பேசினா எனக்குப் பிடிபடாது மேடம். முப்பது வருஷமா இப்படித்தான்."

கைகள் ஓய்ந்தன. அம்மாள் புருஷனிடம் வந்தார். சைகை ஏதும் காட்டவில்லை. புருஷனின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மகளின் படத்தை அழுத்தி, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். திரையில் மகள் தன் போனை எடுத்தாள்.

சாவிக்காரர் போனைக் காதில் வைத்தார். "பாப்பா. அம்மாகிட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லும்மா."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாள் தலையசைத்தார்.

அளவைக்காரி அந்தக் குடும்பத்தைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தானும் வந்து கதவைச் சாத்தினாள்.

7

நானும் வெளியேதான் நிற்கிறேன். அவள் என் கதாபாத்திரம். ஆனாலும் சாத்திய கதவைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் அவரிடம் கேட்டுப் பார்த்தபோதும், "அது அவங்க வீட்டு விஷயம் சார்" என்று முடித்துக்கொண்டார்.

கதவு கண்ணாடிக் கதவு. சாவிக்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருப்பது தெரிகிறது. உதடு அசையவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்பதை இனி நீங்கள்தான் எழுத வேண்டும். நல்லதாக எழுதினாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மனிதர் நின்றுகொண்டே கேட்கிறார். முதல் வரியிலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.