உள்ளே காயாத பெர்ரி

ஆஸ்பத்திரி சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, அண்ணன் குடுத்த பெர்ரி ஜாடியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ இருக்கு. சர்க்கரையா?”

“எந்த பெர்ரி?”

“போன வாரம் ரெண்டு ஜாடி குடுத்தாரே. அவரே காய வெச்சாராம்.”

“அது பூஞ்சைம்மா. வாயில வெச்சிடாதே, கொட்டிடு.”

போனை வைத்த பிறகு மடித்த விரிப்பு ஒன்றுகூட நேராக வரவில்லை.

அவரே காய வைத்தாராம். ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள காட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குனிந்து பறித்தவள் நான். தோல் வெடிக்கட்டும் என்று அரை நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, தட்டில் பரப்பி, ஓவனில் குறைந்த சூட்டில் வைத்து, ஈரம் வெளியேறக் கதவை நான்கு விரல் திறந்து வைத்தவளும் நான். பனி விழுந்துவிட்டால் நான்கு மாதம் எங்களுக்குப் பழமென்றால் இதுதான். காலைக் கஞ்சியில் இது மிதந்தால்தான் என் மகள் வாயைத் திறப்பாள்.

கடைசித் தட்டு உள்ளே இருக்கும்போது எனக்கு ஷிப்ட் வந்துவிட்டது. “சூட்டைத் தொடாதீங்க, கதவைச் சாத்தாதீங்க” என்று அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது, நான் முன்பே காய வைத்திருந்த பெர்ரியோடு கடைசித் தட்டையும் கலந்து, ஜாடிகளில் அடைத்து, அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் நன்றாகச் சுருங்கியிருந்தன. மகிழ்ந்துபோய் அவர் நெற்றியில் முத்தம் வேறு கொடுத்தேன். அதை நினைக்க நினைக்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். மீதி ஏழு ஜாடி. மூன்றில் வெள்ளை பூத்திருந்தது. நான்கில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தது.

என் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன்.

“ஓவன் கதவைச் சாத்தினீங்களா?”

“திறந்து வெச்சா சூடு வீணாப் போகுதேன்னு...”

“சூட்டையும் கூட்டினீங்க.”

“கொஞ்சம்தான். பத்து மணி நேரம் யாரு காவல் காக்கறது? மேட்ச் வேற இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல காஞ்சுதே.”

“காஞ்சுதா?”

ஒரு பெர்ரியை எடுத்துக் கத்தியால் பிளந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெளியே தோல் செருப்பு மாதிரி இறுகியிருந்தது. உள்ளே கொழகொழவென்று ஈரம். அவர் முகம் மாறியது.

“பெயின்ட் அடிச்ச கார் கதவை எடுத்த எடுப்புல அதிக சூட்டில வெச்சா என்ன ஆகும்?”

கழற்றிய ஷூவைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

“சொல்லுங்க.”

“மேல இறுகிடும். உள்ள ஈரம் மாட்டிக்கும். அப்புறம் கொப்புளம் விடும்.”

“அப்படிப் பண்ணினான்னு உங்க ஷெட்ல அந்தப் புது ஆளை ஒரு வாரம் திட்டினீங்க. இங்க சாப்பிட உட்கார்ந்தும் திட்டினீங்க.”

“அது வேலை.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது.

“அப்போ இது என்ன?” என்றேன்.

பிளந்த பெர்ரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை போய்ப் புதுசாப் பறிச்சிட்டு வரலாமா?”

“செடியில இலைகூட இல்லை. முதல்ல உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க. யாரு பறிச்சா, யாரு கெடுத்தான்னு என் காதுபட சொல்லுங்க.”

போட்டார். இரண்டையும் சொன்னார். நாத்தனார் சிரித்த சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூத்த மூன்று ஜாடிகளையும் குப்பைப் பையில் கொட்டினேன். மீதி நான்கையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தேன்.

“ஒவ்வொண்ணா ரெண்டா வெட்டுங்க. தோல் திறந்தாத்தான் ஈரம் போகும். அப்புறம் நான் காய வெச்சுக்கறேன். நீங்க ஓவன் பக்கமே வரக் கூடாது.”

கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலெல்லாம் ஊதா நிறமாக, ஒரு மணி நேரத்தில் முதல் ஜாடியை முடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கோபம் போயிடுச்சா?”

“இன்னும் மூணு ஜாடி இருக்கு” என்றேன்.