கரடிக்குக் கதவு திறக்காத புத்தகம்

ஜெகதளாவுக்கு மேலே மலையில் உள்ள தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் பள்ளி வயது வராத பிள்ளைகளை விட்டுச் செல்லும் கட்டடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். அங்கிருந்த ஆயா 1993இல் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு மனுக் கொடுத்தவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா ஒருவர்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிச் சரிவில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடுவம் சமதரையில் இருந்தது.

ஆயாவுக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது எஸ்டேட்டின் புது விதி. பேச்சியம்மா ஐந்து மாதம் மாலை வகுப்புக்குப் போனார். அடுத்தது கலெக்டர் பரீட்சையா என்று சூப்பர்வைசர் லிங்கசாமி கேட்டார். முதலில் இது முடியட்டும் என்றார் பேச்சியம்மா.

சோதிக்க வந்தவர் வெல்ஃபேர் ஆபீசர் வேலாமணி. கோயம்புத்தூர்க்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மடுவத்துக்கு வாங்கிய புதுப் படப்புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து. பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றை நீட்டினார். அட்டையில் ஒரு கரடி தொப்பி போட்டுக் குடை பிடித்திருந்தது. பன்னிரண்டு குழந்தைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பேச்சியம்மா விரல் வைத்து வாசித்தார். கரடியார் வந்தார். கதவைத் தட்டினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பிள்ளைங்க கதவைத் திறக்கலை" என்றார் கடைசியில்.

வேலாமணி எட்டிப் பார்த்தார். படத்தில் இரண்டு குழந்தைகள் கதவைத் திறந்து கைகூப்பி நின்றார்கள்.

"ஏனுங்க, இன்னொருக்கா பாத்து வாசிங்க."

"பாத்தேன் மேடம். திறந்தாங்கன்னுதான் போட்டிருக்கு. அதை இதுங்க முன்னால வாசிக்க மாட்டேன்."

கதைதானே என்றார் வேலாமணி. இனிமேல்தான் கரடி தோசை சாப்பிடும், ஊஞ்சல் ஆடும், எல்லோரும் சிரிப்பார்கள் என்று விளக்கினார். பேச்சியம்மா அவர் சாய்ந்திருந்த கதவைக் காட்டினார். அதன் கீழ்ப்பாதியில் ஐந்து கோடுகள் ஆழமாக இறங்கியிருந்தன. மோசமான தச்சுவேலை என்று வேலாமணி நினைத்திருந்தார். போன மாதம் பட்டப்பகலில், தேங்காய் எண்ணெய் டின்னுக்காகக் கரடி வந்தது என்று பேச்சியம்மா சொன்னார். அதுவும் முதலில் தட்டத்தான் செய்ததாம்.

வேலாமணி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இதையெல்லாம் பேச்சியம்மா படத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. படிவத்தில் தெரியும், தெரியாது என்று இரண்டே கட்டங்கள். பேனாவைக் கொடுத்து, எது சரியோ அதை எழுதச் சொன்னார். பேச்சியம்மா அச்சு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள்.

வேலாமணி 'தெரியும்' கட்டத்தில் குறியிட்டார். குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில், 'வாசித்ததை நம்புவதில்லை' என்று எழுதினார்.

கதவு திறக்காததால் மீதிப் பக்கங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பேச்சியம்மா அவற்றை ஊசிநூலால் சேர்த்துத் தைத்துவிட்டார். புது ஆயாவிடம் குழந்தைகள் தினமும் கேட்டது அந்த மூன்று பக்கப் புத்தகத்தைத்தான். அப்புறம் கரடி எங்கே போச்சு என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். மாரியம்மன் கோயில் விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடிக்கப் போயிருக்கு என்பார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் மறுகேள்வி வராது.